உருளைக்கிழங்கு மக்காச்சோளச் சௌடர்: முதன்முறையாகச் சமைப்பவர்களுக்கான வழிகாட்டி

சௌடர் என்பது வட அமெரிக்காவின் வடகிழக்குக் கடலோரப் பகுதியில் வேரூன்றி வளர்ந்த, கெட்டியான ஒரு சூப் வகை. பெரும்பாலான சூப்களில் காய்கள் தெளிந்த நீரில் மிதக்கும், அல்லது முழுவதுமாக அரைபட்டுக் காணாமல் போய்விடும். சௌடரில் இவ்விரண்டும் கூடாது. கிழங்குத் துண்டுகளும் சோள முத்துகளும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், பல்லில் அகப்பட வேண்டும். அவற்றைச் சூழ்ந்திருக்கும் சாறோ பால் நிறத்தில், கரண்டியின் பின்புறத்தில் படிந்து நிற்கும் அளவுக்குத் திடமாக இருக்க வேண்டும்.

முதன்முறை செய்பவர்கள் அந்தத் திடம் கிரீமிலிருந்து வருகிறது என்று எண்ணிக்கொள்வது வழக்கம். சாறு நீர்த்திருந்தால் இன்னும் கொஞ்சம் கிரீம், அப்போதும் போதவில்லை என்றால் மேலும் கொஞ்சம் என்று ஊற்றிக்கொண்டே போவார்கள். முடிவில் கிடைப்பது நாக்கில் கொழுப்புப் படலம் ஒட்டும், ஆனால் அடியில் இன்னமும் தண்ணீராகவே இருக்கும் ஒரு திரவம். உண்மையில் சௌடரின் திடம் மாவுச்சத்திலிருந்து பிறப்பது. கிரீம் அதற்கு வழவழப்பையும் மணத்தையும் சேர்க்கிறது, அவ்வளவே. பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் 1751ஆம் ஆண்டில் அச்சான மீன் சௌடர் குறிப்பில் பாலும் இல்லை, கிரீமும் இல்லை, உருளைக்கிழங்குகூட இல்லை. ஊற வைத்த கடினமான பிஸ்கட்டுகளை மீனுக்கும் பன்றி இறைச்சிக்கும் இடையில் அடுக்கித்தான் அதைக் கெட்டிப்படுத்தினார்கள். கிழங்கும் பாலும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. ஆகவே பால் பொருள்களைத் தொடுவதற்கு முன்பே பாத்திரத்தில் இருப்பது ஏறத்தாழச் சரியான பதத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதைக் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவையான பொருள்கள்

நான்கு பேர் வயிறு நிறையச் சாப்பிடும் அளவுக்கு 600 கிராம் உருளைக்கிழங்கு, நான்கு இனிப்பு மக்காச்சோளக் கதிர்கள் (உதிர்த்தால் சுமார் 400 கிராம் முத்துகள் கிடைக்கும்), 40 கிராம் வெண்ணெய், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு செலரித் தண்டுகள், இரண்டு பூண்டுப் பற்கள், 25 கிராம் மைதா, 750 மில்லிலிட்டர் காய்கறிச் சாறு (காய்களை நீரில் வேக வைத்து வடித்த ஸ்டாக்) அல்லது கதிர்த் தக்கையை வேக வைத்த நீர், 250 மில்லிலிட்டர் கொழுப்பு நீக்காத பால், 120 மில்லிலிட்டர் கெட்டிக் கிரீம் ஆகியவை வேண்டும். மணத்துக்கு ஒரு பே இலையும், அரைத் தேக்கரண்டி உலர்ந்த தைம் இலையும், புதிதாகப் பொடித்த மிளகும் போதும். செலரி கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டியதில்லை. அதனை விட்டுவிட்டு வெங்காயத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ளலாம். மைதாவையும் வெண்ணெயையும் மட்டும் முடிந்தால் எடை பார்த்துச் சேருங்கள், ஏனெனில் கரண்டிக் கணக்கில் மாவு அழுத்தி நிரப்பப்படுகிறதா தளர்வாக அள்ளப்படுகிறதா என்பதைப் பொறுத்து அளவு வெகுவாக மாறும். எடை பார்க்க வழியில்லை என்றால், தளர்வாக அள்ளி மேலே தட்டையாக வழித்த மூன்று மேசைக்கரண்டி மைதா ஏறக்குறைய இந்த அளவைத் தரும்.

கிழங்கைத் தேர்ந்தெடுத்தல்

உருளைக்கிழங்கில் பல வகைகள் இருந்தாலும், சமையலுக்கு அவற்றை மாவு வகை என்றும் கெட்டி வகை என்றும் இரண்டாகப் பிரித்துப் புரிந்துகொண்டால் போதும். மாவு வகையில் மாவுச்சத்து மிகுதி. வெந்ததும் செல்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதால் துண்டின் ஓரங்கள் உதிர்ந்து சாற்றில் கரையும். கெட்டி வகையில் மாவுச்சத்து குறைவு. எவ்வளவு நேரம் வெந்தாலும் துண்டு தன் வடிவத்தைப் பெரும்பாலும் விடாது. மாவு வகையை மட்டும் போட்டால் சாறு நன்றாகக் கெட்டிப்படும், ஆனால் கடிப்பதற்குத் துண்டு மிஞ்சாது. கெட்டி வகையை மட்டும் போட்டால் துண்டுகள் அழகாக நிற்கும், சாறு நீர்த்திருக்கும். மூன்றில் இரண்டு பங்கு கெட்டி வகையும் ஒரு பங்கு மாவு வகையும் கலந்து போடுவதே சிறந்தது என்பது என் கருத்து. கடையில் வகை குறிக்கப்படாமல் இருந்தால், ஒரு கிழங்கின் சிறு துண்டைத் தனியாக வேக வைத்து முள்கரண்டியால் லேசாக அழுத்திப் பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் மாவு வகை, ஈரப்பசையோடு ஒரே துண்டாக நசுங்கினால் கெட்டி வகை. ஒரே வகைதான் கைவசம் உள்ளது என்றாலும் குறையில்லை. பின்னால் சொல்லப்போகும் மசிக்கும் படியில் அதனைச் சரிசெய்துகொள்ளலாம்.

தோலில் பச்சை நிறம் படர்ந்த கிழங்குகளையும், முளை விட்டுச் சுருங்கிய கிழங்குகளையும் ஒதுக்கிவிடுங்கள். வெளிச்சம் பட்டுப் பச்சையாகும் கிழங்கில் சோலனைன் போன்ற நச்சுப் பொருள்களும் கூடுதலாக உருவாகும். கொதிக்க வைப்பதால் அவை அழிவதில்லை. சிறிய பச்சைப் புள்ளி என்றால் ஆழமாகச் செதுக்கி எறியலாம், பெரும்பகுதி பச்சை என்றால் கிழங்கையே எறிந்துவிட வேண்டும்.

தோலைச் சீவியபின் ஒன்றரை சென்டிமீட்டர் கனச் சதுரங்களாக வெட்டுங்கள். இந்த அளவு, ஒரு கரண்டியில் கிழங்கும் சோளமும் சேர்ந்து வருவதற்கு ஏற்றது. துல்லியமான சதுரம் தேவையில்லை, ஆனால் துண்டுகள் ஏறத்தாழ ஒரே பருமனாக இருக்க வேண்டும். இல்லையென்றால் சிறியவை கரைந்துபோன பிறகும் பெரியவை நடுவில் வேகாமல் நிற்கும். வெட்டிய கிழங்கு காற்றுப் பட்டால் கறுக்கும் என்பதால் பலர் அதை நீரில் போட்டு வைத்து, பிறகு அந்த நீரை வடித்துக் கொட்டிவிடுவார்கள். வறுவலுக்கு அது சரியான பழக்கம். சௌடருக்கு அந்த நீரில் கலங்கி நிற்கும் மாவுச்சத்துதான் நமக்கு வேண்டியது. எனவே அளந்து வைத்துள்ள சாற்றிலிருந்தே ஒரு கோப்பையை எடுத்து ஆற வைத்து அதில் துண்டுகளைப் போட்டு வையுங்கள். சமைக்கும்போது சாற்றோடு சேர்த்து அப்படியே பாத்திரத்தில் கொட்டிவிடலாம்.

சோளம்

பறித்த நொடியிலிருந்தே மக்காச்சோளத்தின் சர்க்கரை மாவுச்சத்தாக மாறத் தொடங்குகிறது. வெப்பம் மிகுந்தால் அந்த மாற்றம் விரைவுபடும். இதனால் கதிரை வாங்கியதும் உறையோடு குளிர்பெட்டியில் வைத்து, கூடிய விரைவில் சமைத்துவிடுவது நல்லது. நகத்தால் ஒரு முத்தை அழுத்தினால் பால் போன்ற சாறு தெறிக்க வேண்டும். சாறு தண்ணீராக இருந்தால் கதிர் இன்னும் பிஞ்சு. சாறே வராமல் பிசைந்த மாவு போல் இருந்தால் முற்றிவிட்டது. தீவனத்துக்கும் மாவுக்கும் விளைவிக்கும் முற்றிய மக்காச்சோளம் இதற்கு ஒருபோதும் ஒத்துவராது, ஏனெனில் எவ்வளவு வேக வைத்தாலும் அதன் தோல் வாயில் நிற்கும்.

கதிரை ஓர் அகன்ற பாத்திரத்தின் நடுவில் செங்குத்தாக நிறுத்தி, மேலிருந்து கீழாகக் கத்தியை இறக்கி முத்துகளை வெட்டியெடுங்கள். தக்கையை ஒட்டி வெட்டாமல், முத்தின் அடிப்பகுதி சிறிது தக்கையிலேயே தங்கும்படி வெட்டினால் நார் வராது. அதன்பின் கத்தியைத் திருப்பி, கூர்மையற்ற பக்கத்தால் தக்கையை அழுத்தி வழியுங்கள். அப்போது வெண்மையான, சற்றே பிசுபிசுப்பான பால் வடியும். நான்கு கதிர்களிலிருந்தும் சேர்த்தால்கூட இது சில கரண்டிகளே தேறும், ஆனால் சோளத்தின் இனிப்பும் மாவுச்சத்தும் செறிந்திருப்பது இதில்தான். ஆகவே இந்தப் பாலை வீணாக்காமல் முத்துகளோடு சேர்த்து வையுங்கள்.

வழித்த தக்கைகளையும் எறிய வேண்டாம். அவற்றை இரண்டாக ஒடித்து ஒரு லிட்டர் நீரில், வெங்காயத்தின் தலைப்பகுதியும் செலரி இலைகளும் சேர்த்து, சிறுதீயில் அரைமணி நேரம் வேக வைத்து வடிகட்டினால், 750 மில்லிலிட்டர் அளவுக்கு இளமஞ்சள் நிறத்தில் ஒரு சாறு கிடைக்கும். பெட்டிகளில் விற்கும் காய்கறிச் சாற்றைவிட இது சௌடருக்குப் பொருத்தமானது. அதில் உப்பு ஏற்கெனவே கலந்திருக்கும், கேரட்டும் தக்காளியும் மேலோங்கிச் சோளத்தின் மணத்தை அமுக்கிவிடும்.

புதிய கதிர் கிடைக்காத காலத்தில் உறைய வைத்த சோளத்தைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். பறித்த சிறிது நேரத்திலேயே உறைய வைக்கப்படுவதால், பல நாள் கடையில் கிடந்த கதிரைவிட அது இனிப்பாக இருப்பதுண்டு. உறைநிலையிலேயே பாத்திரத்தில் போடலாம். தகரக் குவளையில் வரும் சோளம் என்றால் நீரை வடித்து, ஒரு முறை அலசி, உப்பைக் குறைத்துச் சமையுங்கள். இவ்விரண்டிலும் வழித்தெடுக்கும் பால் கிடைக்காது. அதற்கு ஈடாக ஒரு கைப்பிடி முத்துகளை, அளந்து வைத்துள்ள பாலில் கொஞ்சம் ஊற்றி மிக்ஸியில் அரைத்து வைத்துக்கொள்ளலாம்.

அடுப்பில் முதல் கட்டம்

அடி கனமான, மூன்று லிட்டருக்குக் குறையாத பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அடி மெல்லியதாக இருந்தால் மாவுச்சத்து கீழே படிந்து தீய்ந்துவிடும். அந்தத் தீய்ந்த வாடையைப் பிறகு எந்த வகையிலும் நீக்க முடியாது. பிரஷர் குக்கரில் செய்தால் நேரம் மிஞ்சுமே என்று தோன்றலாம். ஆனால் மூடிய பாத்திரத்துக்குள் கிழங்கு எந்த நொடியில் பதத்தைத் தாண்டுகிறது என்பதைப் பார்க்க வழியில்லாததால், தொடக்கநிலையில் உள்ளவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

மிதமான தீயில் வெண்ணெயை உருக்கி, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் செலரியையும் ஒரு சிட்டிகை உப்போடு சேர்த்து, எட்டு முதல் பத்து நிமிடம் நிதானமாக வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடி போல் ஆக வேண்டும், ஆனால் சிவக்கக் கூடாது. சிவந்த வெங்காயம் பல உணவுகளுக்குச் சுவை கூட்டும் என்றாலும், இங்கே அது சௌடரின் வெளிர் நிறத்தை மங்கச் செய்துவிடும். உப்பு வெங்காயத்தின் நீரை வெளியே இழுத்து, நிறம் மாறாமல் வேக உதவுகிறது. கடைசி ஒரு நிமிடத்தில் நசுக்கிய பூண்டையும் தைம் இலையையும் சேர்த்தால் போதும். முன்னரே போட்டால் பூண்டு கருகிக் கசக்கும்.

இனி மைதாவைத் தூவி, இரண்டு நிமிடம் விடாமல் கிளறுங்கள். மாவுத் துகள் ஒவ்வொன்றையும் வெண்ணெய் பூசி மூடிக்கொள்வதால், நீர் சேரும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாமல் தனித்தனியே விரியும். பச்சை மாவின் வாடை போகும்வரை வறுத்தால் போதும். பொன்னிறமாக விட வேண்டாம், ஏனெனில் மாவு சிவக்கச் சிவக்க அதன் கெட்டிப்படுத்தும் ஆற்றல் குறைந்துகொண்டே போகும்.

சாறு ஊற்றுவதில் அவசரப்படாமல் இருப்பது இந்தச் சமையலில் பாதி வெற்றி. முதலில் அரைக் கோப்பை சாற்றை மட்டும் ஊற்றி, மாவும் சாறும் சேர்ந்து வழவழப்பான பசையாகும்வரை கிளறுங்கள். பிறகு இன்னொரு அரைக் கோப்பை, மறுபடியும் கிளறல். பசை தளர்ந்து பாயும் நிலைக்கு வந்ததும், கிழங்கு ஊறும் ஒரு கோப்பையை மட்டும் நிறுத்திவைத்து, எஞ்சிய சாறு முழுவதையும் ஒரே தடவையில் ஊற்றிவிடலாம். அப்படியும் கட்டி தட்டிவிட்டால், கிழங்கைப் போடுவதற்கு முன்பே கம்பிக் கடைவானால் வேகமாக அடித்துவிடுங்கள்; கிழங்கு விழுந்த பிறகு அதற்கு வாய்ப்பில்லை.

கிழங்கு வேகும் நேரம்

கிழங்கை அது ஊறிய சாற்றோடு சேர்த்து, பே இலையையும் அரைத் தேக்கரண்டி உப்பையும் போட்டு, முதலில் நன்றாகக் கொதி வர விடுங்கள். கோதுமை மாவின் மாவுச்சத்து முழுமையாக விரிந்து கெட்டிப்பட ஏறத்தாழக் கொதிநிலை வெப்பம் வேண்டும் என்பதால், இந்த முதல் கொதியைத் தவிர்க்கக் கூடாது. கொதி வந்ததும் தீயைக் குறைத்து, மேற்பரப்பில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழ் எழும் நிலையில் வைத்து, மூடியைச் சற்றுத் திறந்தபடி பன்னிரண்டு முதல் பதினைந்து நிமிடம் வேக விடுங்கள். தளதளவென்று கொதிக்க விட்டால் துண்டுகள் ஒன்றோடொன்று மோதி ஓரம் உடையும். உள்ளே வேகும் முன்பே வெளிப்புறம் கரைந்துவிடும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மரக்கரண்டியால் அடியை வழித்துக் கிளறுவது அவசியம்.

இந்தக் கட்டத்தில் எலுமிச்சைச் சாறு, தக்காளி போன்ற புளிப்பான எதையும் சேர்க்கக் கூடாது. கிழங்கின் செல்களைப் பிணைத்து வைத்திருக்கும் பெக்டின் வெந்நீரில் கரைவதால்தான் கிழங்கு மென்மையாகிறது. புளிப்பு அந்தக் கரைதலைத் தடுக்கிறது. புளித்த நீரில் வேகும் கிழங்கு நீண்ட நேரம் கழித்தும் நறுக்கென்றே இருக்கும், பின்னர் சேர்க்கப்போகும் பாலையும் அந்தப் புளிப்பே திரித்துவிடும். புளிப்பு வேண்டுபவர்கள் பரிமாறிய கிண்ணத்தில் ஓரிரு சொட்டு விட்டுக்கொள்ளலாம்.

கத்தி முனை தடையின்றி உள்ளே இறங்கும்போது கிழங்கு வெந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்போது சோள முத்துகளையும் வழித்தெடுத்த பாலையும் சேருங்கள். இளஞ்சோளம் ஐந்து நிமிடத்தில் வெந்துவிடும். உறைய வைத்ததற்கும் அவ்வளவே நேரம், ஆனால் பாத்திரத்தின் சூடு தணிந்து மீண்டும் ஏறுவதற்குக் கூடுதலாக ஓரிரு நிமிடம் பிடிக்கும். தகரக் குவளைச் சோளம் ஏற்கெனவே வெந்தது என்பதால் சூடேறினால் போதும்.

மசித்தல்

பே இலையை எடுத்து எறிந்துவிட்டு, இப்போது பாத்திரத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். எந்தக் கரண்டி அளவையும்விட இந்த ஒரு பார்வையே சௌடரைத் தீர்மானிக்கிறது. கரண்டியை முக்கி எடுத்து, அதன் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால் கோடு அழியாமல் நின்று மெதுவாக மூட வேண்டும். இன்னும் 370 மில்லிலிட்டர் பாலும் கிரீமும் சேரவிருப்பதால், உண்ணும் பதத்தைவிடச் சற்றுக் கூடுதல் கெட்டியாக இப்போது இருப்பதே சரி.

பெரும்பாலும் இருக்காது. அதைச் சரிசெய்ய, மரக்கரண்டியின் முதுகால் கிழங்குத் துண்டுகளில் நான்கில் ஒரு பங்கைப் பாத்திரத்தின் சுவரோடு அழுத்தி நசுக்கிக் கிளறுங்கள். ஒரு நிமிடத்தில் சாறு மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். போதவில்லை என்றால் இன்னும் சில துண்டுகளை நசுக்கலாம். கெட்டி வகைக் கிழங்கை மட்டும் போட்டிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வரை மசிக்க வேண்டியிருக்கும்.

கைக்கலப்பான் (ஹேண்ட் பிளெண்டர்) வைத்திருப்பவர்கள் அதைப் பாத்திரத்தில் நேரடியாக இறக்கி இரண்டு, மூன்று முறை விட்டுவிட்டு அழுத்தினால் போதும். அதற்குமேல் ஓட விடாதீர்கள். வேகமாகச் சுழலும் கத்தி கிழங்கின் விரிந்த மாவுச்சத்துத் துகள்களைச் சிதைத்து உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும்; அது சாற்றைக் காகிதம் ஒட்டும் பசை போல் இழுபடச் செய்யும். இந்தக் கோளாறுக்கு மருந்து கிடையாது என்பதால்தான் மரக்கரண்டியை முதலில் சொன்னேன். சோளத்துக்கு இந்த அச்சமில்லை. ஒரு கோப்பை சோள முத்துகளைச் சிறிது சாற்றோடு எடுத்து மிக்ஸியில் நன்றாக அரைத்துத் திரும்ப ஊற்றினால், நிறமும் சுவையும் கூடும். ஆனால் சூடான திரவத்தை மூடிய ஜாரில் நிறைத்து அரைக்கக் கூடாது; நீராவி மூடியைத் தூக்கியெறிந்து கையைச் சுட்டுவிடும். ஓரளவு ஆற வைத்து, ஜாரில் பாதிக்கும் குறைவாக நிரப்பி, மூடியை ஒரு துணியால் பிடித்துக்கொண்டு அரையுங்கள்.

பாலும் கிரீமும்

பால் திரிவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: புளிப்பு, மிகைச் சூடு, கொழுப்புக் குறைவு. புளிப்பை முன்பே ஒதுக்கிவிட்டோம். மிகைச் சூட்டைத் தவிர்க்க, தீயை மிகக் குறைவாக வைத்து, குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாலை நேரே ஊற்றாமல் வெதுவெதுப்பாக்கி, கிளறிக்கொண்டே மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். கொழுப்பு நீக்கிய பாலைவிட முழுப் பால் திரியாமல் தாங்கும், கெட்டிக் கிரீம் அதைவிடவும் தாங்கும். சாற்றில் ஏற்கெனவே கரைந்துள்ள மாவுச்சத்தும் பாலின் புரதங்கள் ஒன்று சேர்ந்து திரளாதபடி ஓரளவு காக்கிறது. பாலைக் கடைசியில் சேர்ப்பதால் வரும் இன்னொரு நன்மை இது. தயிரோ புளிப்புக் கிரீமோ இந்த இடத்தில் மாற்றாக அமையாது.

பாலைத் தொடர்ந்து கிரீமையும் ஊற்றி, ஆவி எழும்பி, ஓரங்களில் மட்டும் சிறு குமிழ்கள் தோன்றும் நிலையில் ஐந்து நிமிடம் வைத்திருங்கள். இதற்குமேல் கொதிக்க விட வேண்டிய தேவையே இல்லை. சீஸ் விரும்புபவர்கள் அடுப்பை அணைத்த பிறகு துருவிய செடார் சீஸை ஒரு கைப்பிடி தூவிக் கிளறலாம். அடுப்பில் இருக்கும்போதே போட்டால் அது நூலாக இழுபடும், எண்ணெயும் பிரியும்.

உப்பை இப்போதுதான் இறுதியாகப் பார்க்க வேண்டும். கிழங்கும் பாலும் உப்பின் கூர்மையை மழுங்கடிப்பதால், பால் சேர்க்கும் முன் சரியாக இருந்த உப்பு இப்போது குறைவாகத் தோன்றும். கால் தேக்கரண்டி கால் தேக்கரண்டியாகச் சேர்த்து ருசி பாருங்கள். சோளம் மிக இனிப்பாக இருந்தால், மிளகைத் தாராளமாகப் போடுவதும், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளைச் சேர்ப்பதும் அந்த இனிப்பைச் சமன்படுத்தும். பிறகு அடுப்பிலிருந்து இறக்கி மூடிப் பத்து நிமிடம் ஆற விடுங்கள். சூடு தணியத் தணிய மாவுச்சத்து இன்னும் இறுகும் என்பதால், இறக்கும்போது சிறிது தளர்வாக இருப்பதைக் கண்டு கவலைப்பட வேண்டாம். பரிமாறும்போது பொடியாக நறுக்கிய வெங்காயத் தாளையோ பார்ஸ்லி இலையையோ தூவலாம்.

பதம் தவறினால்

சௌடர் நீர்த்திருந்தால் கிரீமை நாடாமல் மீண்டும் சில கிழங்குத் துண்டுகளை நசுக்குங்கள். அதற்கும் வழியில்லை என்றால், ஒரு மேசைக்கரண்டி மக்காச்சோள மாவை (கார்ன்ஃப்ளார்) குளிர்ந்த பாலில் கரைத்து ஊற்றி, கெட்டிப்படும்வரை ஓரிரு நிமிடம் மெல்லக் குமிழ் விடச் செய்து கிளறலாம். அளவுக்கு மீறிக் கெட்டியானால் சூடான சாறு சேர்ப்பது நல்லது. பாலை மட்டும் சேர்த்துக்கொண்டே போனால் சுவை சப்பென்று ஆகிவிடும். பால் இலேசாகத் திரிந்து நுண்ணிய துகள்கள் மிதந்தால் உண்பதற்குத் தீங்கில்லை, பார்வைக்குத்தான் குறை. அடி பிடித்துவிட்டது என்று மணம் சொன்னால், கிளறாமல், அடியைச் சுரண்டாமல், மேலுள்ளதை உடனே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட வேண்டும். உப்பு மிகுந்துவிட்டால், உப்பில்லாத சாற்றையும் தனியே வேக வைத்த கிழங்கையும் சேர்த்து மொத்த அளவைக் கூட்டுவதே வழி.

சில மாற்றங்கள்

இறைச்சி உண்பவர்கள் பொடியாக வெட்டிய பேக்கனை முதலில் மொறுமொறுப்பாக வறுத்து எடுத்துவிட்டு, அது விட்ட கொழுப்பில் வெண்ணெயைக் குறைத்து வெங்காயத்தை வதக்கலாம்; பழைய சௌடர்கள் பன்றிக் கொழுப்பில்தான் தொடங்கின. மரக்கறி மட்டும் உண்பவர்கள் பேக்கன் தரும் புகை மணத்தை அரைத் தேக்கரண்டி புகையூட்டிய பாப்ரிகாத் தூளால் பெரும்பாலும் ஈடுசெய்யலாம். கோதுமை ஆகாதவர்கள் மைதாவை அடியோடு விட்டுவிட்டு, சாற்றில் 100 மில்லிலிட்டர் குறைத்து, கிழங்கில் பாதிவரை மசித்தால் போதும். எனக்கென்னவோ அந்த வடிவத்தில்தான் சோளத்தின் சுவை மிகத் தெளிவாகத் தெரிகிறது. பால் பொருள்களைத் தவிர்ப்பவர்களுக்கு, ஊற வைத்து வழவழப்பாக அரைத்த முந்திரிப் பால் மிகவும் ஒத்துப்போகும். தேங்காய்ப் பாலும் கெட்டியாக இருக்கும், ஆனால் அதன் மணம் சோளத்தின் மீது ஏறிக்கொள்ளும். வெண்ணெய்க்குப் பதில் மணமற்ற எண்ணெய் எதுவாயினும் சரி.

இரட்டிப்பு அளவு செய்யும்போது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கலாம், சாற்றை மட்டும் பத்தில் ஒரு பங்கு குறைத்துக்கொள்ளுங்கள். ஆழமான பாத்திரத்தில் ஆவியாகும் நீர், அளவோடு ஒப்பிடுகையில் குறைவு.

எடுத்து வைத்தல்

மிஞ்சிய சௌடரைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஆழமான பாத்திரத்தில் அப்படியே வைத்தால் நடுப்பகுதி வெகுநேரம் சூடாகவே இருந்து கெட்டுப்போக இடம் தரும் என்பதால், ஆழமில்லாத பாத்திரங்களில் பிரித்து வைப்பது பாதுகாப்பானது. மூன்று நாள் வரை தாராளமாக வைத்திருக்கலாம். மறுநாள் அது கரண்டி நிற்கும் அளவுக்கு இறுகியிருக்கும். சிறிது பால் சேர்த்து, சிறுதீயில் அடிக்கடி கிளறி, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை சூடாக்கினால் பழைய பதத்துக்குத் திரும்பும். உண்ணும் அளவை மட்டும் எடுத்துச் சூடாக்குங்கள், பாத்திரம் முழுவதையும் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம்.

முழுமையாகச் செய்து முடித்த சௌடரை உறைய வைத்தால், உருகும்போது கிரீம் பிரிந்து, கிழங்கு மணல் போல் நெறுநெறுக்கும். உறைய வைக்கும் எண்ணம் இருந்தால் மசிக்கும் படியோடு நிறுத்திக்கொண்டு, வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கிழங்கை மசித்து, ஆற வைத்து, மேலே இரண்டு விரற்கடை இடம் விட்டுப் பெட்டிகளில் நிரப்புங்கள். உண்ணும் நாளுக்கு முந்தைய இரவே குளிர்பெட்டியின் கீழ்த் தட்டுக்கு மாற்றி உருக விட்டு, மறுநாள் அடுப்பில் ஒரு கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாலையும் கிரீமையும் அப்போது சேர்த்துக்கொள்ளலாம்.